மிச்சம் பிடிக்கலாம், பிரேக்கில் வேண்டாம்!



இன்று அனேக லயங்களுக்கு முன்னால் ஒரு ஆட்டோ நிற்கிறது. காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிப் போவதும் அதுதான். நடுச்சாமத்தில் பிரசவ வலி வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அதுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் ரூபாயின் பெறுமதியும் விழுந்தது. அதனால் பழைய வண்டிகளையே ஓட்டவேண்டி வந்தது, சாமான் விலையும் ஏறியது. "எது மலிவோ அதைப் போடுங்க பாஸ்" என்று கராஜில் சொல்லும் பழக்கமும் நம்மிடம் வந்துவிட்டது.

சீட் உறையில் மிச்சம் பிடித்தால் பாதகமில்லை. பிரேக்கில் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. ஏன் என்று பார்ப்போம்.

பிரேக் எப்படிப் பிடிக்கிறது?

பெடலை மிதித்ததும் பிரேக் ஒயில் குழாய் வழியாகச் சில்லுக்கு அழுத்தத்தைக் கொண்டுபோகிறது. அங்கே இரண்டு பிரேக் ஷூக்கள் விரிந்து, அவற்றில் ஒட்டியுள்ள லைனர் டிரம்மோடு உரசுகிறது. உரசினால் சூடு பிறக்கும். சம ரோட்டில் அது சீக்கிரம் ஆறிவிடும். நம் மலை ரோட்டில் அப்படியா? நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்குப் போனால் 1,000 மீற்றருக்கு மேல் இறங்குகிறோம். வழி நெடுக பிரேக்கை மிதித்தால் சூடு ஆற நேரமில்லை. லைனரின் பிடிப்புக் குறைகிறது. பழைய பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். சூட்டில் அந்த ஈரம் ஆவியாகிவிட்டால், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது.

சாமான் வாங்கும்போது

1. கழற்றிய பழைய சாமானைக் கையோடு கொண்டுபோங்கள். வண்டியின் மொடலும் வருடமும் சொல்லிக் கேளுங்கள்.

2. பெட்டியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பெட்டியையும் போலியாக அடிக்கிறார்கள். மற்றக் கடைகளைவிட விலை மிகவும் குறைவென்றால் சந்தேகப்படுங்கள். பில் கேட்டு வாங்குங்கள்.

3. லைனரில் வெடிப்போ ஓரம் கிளம்பியதோ இருக்கக் கூடாது. ஒரு பக்கச் சில்லுக்கு மாற்றினால் மறுபக்கத்துக்கும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

4. ஒயில் தாங்கியின் மூடியில் டொட் 3 அல்லது டொட் 4 என்று இருக்கும். அதையே, சீல் உடைக்காத போத்தலில் வாங்குங்கள். அவசரத்துக்கு என்ஜின் ஒயில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் உப்பி, பிரேக் கெட்டுப்போகும்.

5. கண்ணாடி, லைட் கூடு போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங் சாமான்களைப் பழையதாக வாங்க வேண்டாம்.

வாரத்துக்கு ஒரு நாள்

தாங்கியில் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் லைனர் தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கோ கசியலாம். ஊற்றி நிரப்பிவிட்டுச் சும்மா இருக்காமல் பாஸிடம் காட்டுங்கள். சில்லின் உட்பக்கம் ஈரமாக இருந்தாலும், பிரேக் பிடிக்கையில் இரும்பு உரசும் சத்தம் கேட்டாலும் அன்றைக்கே கராஜுக்குப் போங்கள். பிரேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது முழுதாக மாற்ற வேண்டும்.

இறக்கத்தில்

பெற்றோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறக்குகிறார்கள். சிலர் என்ஜினையே நிறுத்திவிடுகிறார்கள். அப்போது முழுப் பாரமும் பிரேக்கின் தலையில்தான் விழுகிறது. எந்தக் கியரில் அந்த மேட்டை ஏறுவோமோ, அதே கியரில் இறங்க வேண்டும். என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

பின் சீட்டில் இருக்கும் அம்மாமாரே, அக்காமாரே, வாய் மூடி இருக்காதீர்கள். "தம்பி, கியரைப் போட்டு இறக்கு" என்று சொல்லுங்கள். மடியில் இருப்பது நம் பிள்ளை.