ஹீட்டருக்கு ஒரு கணக்கு

தில்லியில் ஜனவரி மாதக் குளிர் கடுமையாக இருக்கும். இரவில் கை கால் விறைத்துப் போகும். பல வீடுகளில் ஹீட்டர் போடுவார்கள். சில வீடுகளில் ஹீட்டர் போட்ட கொஞ்ச நேரத்தில் ஒயர் சுடும். பிளக் கறுத்துப் போகும். கருகிய வாடை வரும்.

ஏன் இப்படி ஆகிறது? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டி உயரத்தில் இருந்தால் குழாயில் தண்ணீர் வேகமாக வரும். குழாய் குறுகலாக இருந்தால் குறைவாக வரும். மின்சாரமும் ஏறக்குறைய இப்படித்தான்.

மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தத்தை வோல்ட் கணக்கில் அளக்கிறோம். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். ஓடும் மின்சாரத்தை ஆம்பியர் கணக்கில் அளக்கிறோம். ஓட்டத்தைத் தடுப்பது மின்தடை. அதன் அளவு ஓம். ஜெர்மனியில் ஜார்ஜ் ஓம் என்ற ஆசிரியர் 1827-இல் இந்தக் கணக்கைப் புத்தகமாக வெளியிட்டார். அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு கருவியின் மின்திறனைச் சொல்வது வாட்.

இரண்டு கணக்குகளை நினைவில் வையுங்கள்.

வோல்ட் × ஆம்பியர் = வாட்
வோல்ட் ÷ ஆம்பியர் = ஓம்

ஹீட்டரின் மேல் 2000 வாட் என்று எழுதியிருக்கிறது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும்.

2000 ÷ 230 = சுமார் 8.7 ஆம்பியர்

ஹீட்டரின் மின்தடை என்ன?

230 ÷ 8.7 = சுமார் 26 ஓம்

சுவரில் உள்ள சிறிய பிளக் பாயின்ட் 6 ஆம்பியர்தான் தாங்கும். பெரிய பாயின்ட் 16 ஆம்பியர் தாங்கும். சிறிய பாயின்ட்டில் இந்த ஹீட்டரைச் செருகலாமா? கூடாது. தாங்க முடியாத சுமையை அதன் தலையில் ஏற்றுகிறோம். அதனால்தான் அது சுடுகிறது.

பெரிய பாயின்ட்டிலும் ஓர் ஆபத்து உண்டு. பிளக் தளர்வாக இருந்தால் அந்த இடத்தில் மின்தடை கூடும். அது 1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அதன் வழியே 8 ஆம்பியர் ஓடுகிறது.

1 ஓம் × 8 ஆம்பியர் = 8 வோல்ட்
8 வோல்ட் × 8 ஆம்பியர் = 64 வாட்

எரிகிற 60 வாட் குண்டு பல்பைத் தொட்டால் கை சுட்டுவிடும். அதைவிட அதிகச் சூடு ஒரு சின்ன இணைப்புக்குள் பிறக்கிறது! தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்?

தில்லியில் உபகார் என்ற திரையரங்கு இருந்தது. 1997 ஜூன் 13 அன்று அங்கே படம் ஓடிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்தில் இருந்த மின்மாற்றியில் ஓர் இணைப்பு தளர்ந்திருந்தது. அதில் தீப்பொறி பறந்து தீப்பிடித்தது. புகை மேலே அரங்குக்குள் ஏறியது. வெளியேற வழி கிடைக்காமல் 59 பேர் மாண்டு போனார்கள். தளர்ந்த இணைப்பு சின்ன விஷயம் அல்ல.

ஆகவே, ஹீட்டரைப் பெரிய பாயின்ட்டில் மட்டும் செருகுங்கள். ஒயரை முறுக்கி ஒட்டுப் போடாதீர்கள். பிளக் ஆடினாலோ சுட்டாலோ உடனே சுவிட்சை அணையுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்யுங்கள்.

இப்போது நீங்களே ஒரு கணக்குப் போடுங்கள். தண்ணீர் சூடாக்கும் ராடில் 1500 வாட் என்று எழுதியிருக்கிறது. அது எத்தனை ஆம்பியர் இழுக்கும்? அதை எந்தப் பாயின்ட்டில் செருக வேண்டும்?