உங்களுக்குத் தெரியுமா? – சும்மா கிடக்கும் நினைவகம்

கூகுள் தன் தரவு மையங்களை அளந்து 2019-இல் வெளியிட்ட கணக்கு இது: பயன்பாட்டில் இருந்த நினைவகத்தில் சராசரியாக 32 சதவீதம், குறைந்தது 2 நிமிடமாக எந்த நிரலும் தொடாதது!

● எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பனியன் கம்பெனி குடோனில் துணி ரோல் ஒவ்வொன்றிலும் சாக்பீஸ் கோடு போடுங்கள். கை பட்டால் அழியும். ஒரு வாரம் கழித்தும் கோடு அப்படியே இருந்தால் அது தேங்கிய சரக்கு. லினக்ஸ் கெர்னலும் ஒவ்வொரு நினைவகப் பக்கத்துக்கும் (வழக்கமாக 4 கேபி) ஒரு பிட் வைத்திருக்கிறது. அதில் 1 எழுதிவிட்டு, பிறகு படித்துப் பார்க்க வேண்டும். 1 மாறாமல் இருந்தால் அந்தப் பக்கத்தை யாரும் தொடவில்லை.

● கோட்டை அழிப்பது யார்? இன்டெல், ஏஎம்டி கணினிகளில் செயலியே பக்க அட்டவணையில் ‘தொட்டாச்சு’ என்று குறித்துவிடும். கெர்னல் அதைப் பார்த்து அந்த 1-ஐ அழித்துவிடும்.

● 16 ஜிபி நினைவகத்தில் 41,94,304 பக்கங்கள். பக்கத்துக்கு ஒரு பிட் வீதம் பதிவேடோ வெறும் 512 கேபி!

● விளாதிமிர் டாவிடோவ் எழுதிய இந்த வசதி 2015-இல் லினக்ஸ் 4.3-இல் வந்தது. ரூட் அனுமதி இல்லாமல் தொட முடியாது, நியாயம்தான்.

● கூகுள் தூங்கும் பக்கங்களைச் சுருக்கி நினைவகத்திலேயே வைத்தது. சுமார் மூன்றில் ஒரு பங்கு இடம் போதுமானது.

● பக்கம் பக்கமாகத் தேடுவது பெரிய சர்வரில் நேரம் தின்னும் வேலை. 2021-இல் லினக்ஸ் 5.15-இல் வந்த ‘டாமன்’ வசதி, நினைவகத்தைப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு பக்கத்தை மாதிரி பார்த்தே கணிக்கிறது.