உங்களுக்குத் தெரியுமா? கல்லை எடுக்கலாம், கதிரைக் குறைக்கலாம்

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடத்துக்கு ஷிப்ட் பஸ் ஏறும் பலர், அனலில் நின்று வேலை பார்ப்பவர்கள். வெப்பத்தில் உழைப்பவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு கூடுவதை, போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் உருக்காலைத் தொழிலாளர்களிடம் கண்டிருக்கிறார்கள். ஒருமுறை வந்த கல் பலருக்குத் திரும்பவும் வரும். ஒவ்வொரு தடவையும் சி.டி., எக்ஸ்-ரே என்று உடம்பில் ஏறும் கதிரும் கூடிக்கொண்டே போகும்.

● முதுகில் சிறு துளையிட்டுக் கல்லை உடைத்தெடுக்கும் பி.சி.என்.எல். முறையை 1976-ல் ஸ்வீடன் மருத்துவர்கள் உலகுக்கு அறிவித்தார்கள். ஊசி போகும் வழியை ‘சி-ஆர்ம்’ எக்ஸ்-ரே கருவி திரையில் காட்டும். மருத்துவரின் கால் பெடலில் இருக்கும்வரைதான் கதிர் வரும். விட்டுவிட்டு மிதிப்பது, கடைசிப் படத்தைத் திரையில் நிறுத்திவைத்துப் பார்ப்பது, கல் இருக்கும் இடத்துக்கு மட்டும் கதிரைக் குறுக்குவது: எதற்கும் கூடுதல் செலவில்லை. எல்லா ஆபரேஷன் தியேட்டரிலும் இவை பழக்கமாக வேண்டும்.

● குஜராத்தின் நாடியாத் நகரில் 1978-ல் தொடங்கிய முல்ஜிபாய் படேல் மருத்துவமனை, அல்ட்ராசவுண்ட் பார்த்தே ஊசி செலுத்துவதில் பேர்பெற்றது. அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு அறவே இல்லை.

● தியேட்டரில் நிற்கும் நர்ஸுக்கும் டெக்னீஷியனுக்கும் வருவது பெரும்பாலும் நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறும் கதிர். இரண்டு மடங்கு தள்ளி நின்றால் ஏறக்குறைய கால் பங்காகிவிடும். எக்ஸ்-ரே குழாய் மேசைக்கு அடியில் இருந்தால், முகத்துக்கும் கண்ணுக்கும் வருவது குறையும்.

● கதிரைத் தடுக்க அணியும் லெட் ஏப்ரனை மடித்து வைக்கக் கூடாது. உள்ளே விரிசல் விழும். தொங்கத்தான் விட வேண்டும்.

● 1983-ல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி, கதிர்ப்பணி ஊழியருக்கு ஐந்தாண்டுச் சராசரி வரம்பு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் ஏறும் கதிரின் அலகு). எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. அளந்து சொல்வது மார்பில் குத்தும் டி.எல்.டி. பேட்ஜ். அது அலமாரியில் கிடந்தால் அளவு எப்படித் தெரியும்? நோயாளிக்கோ இப்படி ஒரு வரம்பே கிடையாது. தேவையா, எவ்வளவு தேவை என்று மருத்துவர்தான் ஒவ்வொரு முறையும் எடைபோட வேண்டும்.

● கதிருக்குப் பயந்து ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள்; அடைத்து நிற்கும் கல் சிறுநீரகத்தையே பாழாக்கிவிடும். பழைய ஸ்கேன் படங்களைக் கையோடு கொண்டுபோங்கள். சி.டி. அவசியமென்றால், 4 மில்லிசீவர்ட்டுக்குள் முடியும் ‘லோ டோஸ்’ சி.டி. போதுமா என்று கேளுங்கள். கர்ப்பிணி என்றால் முதலில் அல்ட்ராசவுண்ட்தான்.