கோப்பி வீழ்ந்தது, வங்கி முறிந்தது

வங்கிகள் கடன் கொடுப்பதைச் சட்டென இறுக்கிக்கொள்வதே கடன் நெருக்கடி. இலங்கையின் கண்டி மலைநாடு இதை 1880களில் கண்டது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை மெல்ல மெல்ல அழித்தது. பழைய கடன் திரும்பவில்லை. புதுக் கடன் கிடைக்கவில்லை. தோட்டங்கள் அடிமாட்டு விலைக்குப் போயின. தொழிலாளர் சம்பளம் நிலுவையானது. பலர் தமிழகம் திரும்பினர்.

கோப்பியிலும் மொரீசியஸ் கரும்பிலும் பணத்தை முடக்கியிருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதம் முறிந்தது. அதன் நாணயத்தாள்களே இலங்கையில் பெரிதும் புழங்கியதால் மக்களிடம் பீதி பரவியது. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அவற்றுக்கு அரசு உத்தரவாதம் அளித்தார். அதன்பின் நாணயத்தாள் வெளியிடும் பொறுப்பை அரசே ஏற்றது. கோப்பி அழிந்த சரிவுகளில் தேயிலை வேரூன்றியது. ஒரே பயிரை நம்பிய கடன், வங்கியையும் கூலியையும் ஒருசேரச் சாய்த்துவிடும்.