விரலுக்குள் தசை இல்லை

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக லக்கலவுக்குப் போகும் பாதை, றிவர்ஸ்டன் மலையில் ஏறி, பிட்டவல பத்தனை புல்வெளிப் பக்கமாக இறங்குகிறது. அது கடந்து செல்வது நக்கிள்ஸ் மலைத்தொடரை. சிங்கள மக்கள் அதைத் தும்பர மலைத்தொடர் என்பார்கள். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டில் இதுவும் சேர்ந்தது. சில இடங்களில் நின்று தூரத்திலிருந்து பார்த்தால், இதன் சிகரங்கள் பொத்திய கையின் விரல் முட்டிகள் போல வரிசையாகத் தெரியும். பிரித்தானிய நில அளவையாளர்கள் நக்கிள்ஸ் என்று பெயர் வைத்தது அதைப் பார்த்துத்தான்.

இப்போது உங்கள் கையைப் பொத்துங்கள். மேலே துருத்தி நிற்கும் முட்டிகளை மற்றக் கையால் தடவிப் பாருங்கள். விரலின் நுனியிலிருந்து எண்ணினால் மூன்று எலும்புகள் முடிந்து, அதற்குப் பின்னால் வரும் உள்ளங்கை எலும்பின் தலைதான் அந்த முட்டி. கை விரிந்திருக்கும்போது விரலின் அடி எலும்பு அதற்கு நேர் முன்னால் இருக்கிறது. பொத்தும்போது அந்த எலும்பு உருண்டைத் தலையைச் சுற்றி வழுக்கி இறங்கிவிடுகிறது. அதனால்தான் தலை வெளியே தெரிகிறது.

ஒரு கையில் 27 எலும்புகள்: மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. கட்டை விரலுக்கு மட்டும் இரண்டு. மற்ற நான்குக்கும் மும்மூன்று. பாதம் ஒன்றில் 26. வளர்ந்த மனிதரின் உடம்பில் உள்ள 206 எலும்புகளில் 106 கைகளிலும் பாதங்களிலுமே இருக்கின்றன என்றால், நுட்பமான அசைவுக்கு எத்தனை மூட்டுகள் தேவை என்று புரியும்.

ஆனால் எலும்பு தானாக அசையாது. அதை இழுக்கத் தசை வேண்டும். விரலை மடக்கும் தசை எங்கே இருக்கிறது? விரலில் இல்லை! முழங்கைக்குக் கீழே கையை இறுகப் பிடித்துக்கொண்டு விரல்களை ஆட்டிப் பாருங்கள். தோலுக்கு அடியில் ஏதோ நெளிவது தெரியும். விரலை வலுவாக மடக்குவதும் நீட்டுவதும் அங்கே இருக்கும் தசைகள்தான். அவற்றின் முனையிலிருந்து புறப்படும் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி வந்து விரல் எலும்புகளில் பதிந்திருக்கின்றன. சைக்கிளில் கைப்பிடியை அழுத்தினால் வயர் இழுபட்டுச் சக்கரத்தருகே பிரேக் பிடிக்கிறதே, அதே வேலை. உள்ளங்கையிலும் சிறிய தசைகள் உண்டு. விரல்களை விரிக்கவும், கட்டை விரலைக் கொண்டுவந்து பென்சிலைப் பிடிக்கவும் அவை உதவுகின்றன.

தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ஆகவே மடக்க ஒரு கூட்டம், நீட்ட ஒரு கூட்டம் என்று இருபுறமும் தசைகள் வேண்டும். மணிக்கட்டை உள்பக்கமாக முழுதும் வளைத்துக்கொண்டு கையை இறுகப் பொத்த முயலுங்கள். பிடி தளர்ந்துபோகும். மடக்கும் தசைகள் ஏற்கெனவே சுருங்கிவிட்டன. நீட்டும் தசைநாண்களோ மறுபக்கம் இழுபட்டு நிற்கின்றன.

இன்னொன்று, எனக்கு மிகப் பிடித்தது. நடு விரலை மடித்து அதன் நடு மூட்டை மேசையில் வையுங்கள். மற்ற விரல்களின் நுனிகளையும் மேசையில் ஊன்றுங்கள். ஒவ்வொரு விரலாகத் தூக்குங்கள். மோதிர விரல் மட்டும் எழாது. புறங்கையில் அதன் தசைநாண் நடு விரலின் தசைநாணோடு குறுக்கிழையால் கட்டப்பட்டிருக்கிறது. அதை நடு விரல் பிடித்து வைத்திருக்கிறது.

மூட்டில் எலும்போடு எலும்பு உரசித் தேயாமல் இருக்க, முனைகளில் வழுவழுப்பான குருத்தெலும்பும், இடையில் வழுக்கும் திரவமும் உண்டு. நெட்டி முறிக்கும்போது மூட்டு இழுபட்டு உள்ளே அழுத்தம் குறைகிறது. திரவத்தில் கரைந்திருந்த வாயு வெளிப்பட்டு வெற்றிடம்போல ஒன்று உண்டாகிறது. ‘டக்’ என்ற ஓசை அதோடு சேர்ந்தது. எலும்பு உடைவதல்ல. அமெரிக்க மருத்துவர் டொனால்ட் அங்கர், இடது கையில் மட்டும் 50 ஆண்டுகளாக நெட்டி முறித்துவிட்டு, இரு கைகளிலும் மூட்டுவாதம் இல்லை என்று 1998இல் எழுதினார். ஒருவரை மட்டும் வைத்து முடிவு சொல்லிவிட முடியாது. ஆனாலும் அவருடைய பொறுமைக்கு என் வணக்கம்.

1895 டிசம்பரில் ஜெர்மனியில் விஞ்ஞானி றொன்ட்கன் தம் மனைவியின் கையை எக்ஸ்ரே படம் எடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் அதில் தெரிந்தன. பிறந்த குழந்தையின் மணிக்கட்டை அப்படி எடுத்தால் பெரும்பாலும் அங்குள்ள எட்டு எலும்புகளில் ஒன்றும் தெரியாது. அவை இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். முதல் இரண்டு சில மாதங்களில் எலும்பாகத் தொடங்கும். மற்றவை ஆண்டுக்கணக்கில் வரும். சுண்டு விரல் பக்கமாக இருக்கும் பட்டாணி வடிவ எலும்புதான் கடைசி. பெரும்பாலும் 9 முதல் 12 வயதுக்குள் அது எலும்பாகத் தொடங்கும். பிள்ளையின் எலும்பு வளர்ச்சி வயதுக்கு ஏற்றபடி இருக்கிறதா என்று அறிய, மருத்துவர்கள் இடது கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது இதனால்தான்.