எந்த உயரத்து விதை?

1825-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஒரு மாளிகைத் தோட்டத்தில் இமயமலை மரம் ஒன்று பூத்தது. ரத்தச் சிவப்பில் பந்து பந்தாகப் பூக்கும் அந்த மரத்தின் பெயர் ரோடோடென்ட்ரான் ஆர்போரியம். பிரிட்டனில் அது பூத்தது அதுவே முதல்முறை. பார்த்த பணக்காரர்களுக்கெல்லாம் ஆசை பிறந்தது. ஆனால் குளிர் விடுவதற்கு முன்பே அந்த மரம் மொட்டவிழ்த்துவிடும். ஒரே ஓர் உறைபனி இரவு போதும், காலையில் கொத்து முழுக்கக் கருகித் தொங்கும்.

அடுத்த ஆண்டே ஹைகிளேர் என்ற மாளிகையில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வட அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளிலிருந்து வந்த கட்டாவ்பியென்ஸ் என்ற ரோடோடென்ட்ரான் இனம் கடுங்குளிர் தாங்கும், ஆனால் நிறம் சுமார். அதன் ரத்தம் கலந்த ஒரு செடியோடு ஆர்போரியத்தைச் சேர்த்தார்கள். நிறம் ஒரு பக்கத்திலிருந்தும் தாங்குதிறன் மறுபக்கத்திலிருந்தும் வர, அதன் வாரிசுகள் ஐரோப்பியத் தோட்டங்களில் பரவின.

இன்று ரோடோடென்ட்ரான் இனங்கள் ஆயிரத்துக்கும் மேல். நர்சரிகளில் அசேலியா என்று விற்பதும் இந்தக் குடும்பம்தான். எவரெஸ்ட் வட்டாரத்தில் 5,000 மீட்டருக்கு மேல் தரையோடு தரையாகப் படரும் செடியும் இதில் உண்டு. நாகாலாந்தின் ஜாப்ஃபூ மலையில் நூறடியைத் தாண்டி வளர்ந்த மரமும் உண்டு. இப்படி இருக்கும்போது, 'ரோடோடென்ட்ரான் எங்கள் ஊரில் வருமா?' என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த ரோடோடென்ட்ரான், எந்த உயரத்து விதை என்று கேட்க வேண்டும்.

ஆர்போரியத்தையே எடுத்துக்கொள்ளலாம். இமயத்தில் ஏறக்குறைய 1,500 மீட்டரில் தொடங்கி 3,000 மீட்டருக்கு மேல்வரை அது வளர்கிறது. கீழ்ச்சரிவில் பூ சிவப்பு. மேலே போகப்போக இளஞ்சிவப்பும் வெள்ளையும் கூடும். ஆக, நிறமே ஓரளவு குளிர்மானி. கண்ணைப் பறிக்கும் சிவப்பு வகைதான் குளிருக்கு முதலில் விழும். மேட்டுச் சரிவின் வெளிர்நிற வகை தாக்குப்பிடிக்கும். படத்தைப் பார்த்து நிறத்துக்காக மட்டும் செடி வாங்குபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

குளிர் தாங்கும் வகைகளுக்கான தேடல் பின்லாந்திலும் நடந்தது. 1970-களில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், கொரிய மலைகளிலிருந்து கிடைத்த பிராக்கிகார்ப்பம் என்ற இனத்தைப் பெற்றோராக வைத்துக் கலப்பினங்கள் உருவாக்கினார்கள். நாற்றுகளைத் திறந்தவெளியில் நட்டு, பின்லாந்துக் குளிரிடமே தேர்வை விட்டுவிட்டார்கள். பிழைத்தவை மட்டுமே பெயர் பெற்றன. 'ஹெல்சிங்கி யுனிவர்சிட்டி' என்ற வகை மைனஸ் 35 டிகிரிக்கும் கீழே தாங்குகிறது. அந்த நகரின் ஹாகா பூங்காவில் ஜூன் மாதம் இந்தச் செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் பூத்து நிற்கின்றன.

கடுங்குளிரில் இலை என்ன செய்கிறது என்பது தனி வேடிக்கை. வெப்பநிலை உறைநிலையைத் தொடும்போது இலைகள் தொங்கத் தொடங்கும். இன்னும் இறங்கினால் விளிம்புகள் உட்புறமாகச் சுருண்டு, கடைசியில் சுருட்டு கனத்துக்குக் குழலாகிவிடும். வெயில் ஏறியதும் மறுபடி விரியும். உறைந்த இலைமேல் கூரிய குளிர்கால வெயில் விழுந்தால் ஒளிச்சேர்க்கை அமைப்பு சேதமாகும். அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு என்பது அமெரிக்கத் தாவரவியலர் எரிக் நில்சனின் ஆய்வுகள் தரும் விளக்கம். செடி செத்துவிட்டதாக நினைத்து வெந்நீர் ஊற்ற வேண்டியதில்லை.

குளிரைவிட அதிகமாக இந்தச் செடியைக் கொல்வது வேரடி வெப்பமும் தேங்கிய நீரும்தான். வேர்கள் முடியைப்போல மெல்லியவை, மண்ணின் மேலடுக்கிலேயே படர்பவை. சூடான, ஈரம் வடியாத மண்ணில் பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிர் அவற்றை அழுகச் செய்துவிடும். இமய இனங்கள் பல அமெரிக்காவின் தென்பகுதியில் தோற்றுப்போனது பெரிதும் இதனால்தான். அங்கே கைகொடுத்தது தைவானைச் சேர்ந்த ஹைப்பரித்ரம் என்ற இனம். வேரழுகலை எதிர்க்கும் அதைக் கொண்டு லூசியானாவில் வெயில் தாங்கும் வகைகளை உருவாக்கியிருக்கிறார்கள்.

பனியே விழாத ஊர்களுக்கு வேறொரு கூட்டம் உண்டு: வைரேயா. நியூகினி, போர்னியோ, ஜாவா முதலிய இடங்களின் மலைகளைச் சேர்ந்த சுமார் 300 இனங்கள், பல மரக்கிளைகளில் தொற்றி வளர்பவை. அவற்றுக்கு மரப்பட்டைத் துண்டுகள் கலந்த, காற்றோடும் கலவை வேண்டும். ஆனால் பெரும்பாலானவை மலைவாசிகள். பகல் மிதமாகவும் இரவு குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். நள்ளிரவிலும் புழுங்கும் சென்னை மாடிக்கு இவை சரிப்படாது.

மண் விஷயத்தில் பேரம் கிடையாது. பிஎச் அளவு 4.5-லிருந்து 6-க்குள் இருக்க வேண்டும். தேயிலை வளரும் மண் பெரும்பாலும் இதற்கும் பொருந்தும். சுண்ணாம்புச் சத்து மிகுந்தால் இரும்பு கரையாமல் பூட்டிக்கொள்ளும். இளம் இலையில் நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, நடுவில் மஞ்சள் பாயும். மண் சரியாக இருந்தும் சுண்ணாம்பு கலந்த போர் தண்ணீரையே ஊற்றிவந்தால் சில ஆண்டுகளில் அதே கதிதான். மழைநீர் உத்தமம். ஜெர்மனியில் சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்றில் தழைத்து நின்ற ஒற்றைச் செடியிலிருந்து தொடங்கிச் சுண்ணாம்பு தாங்கும் வேர்ச்செடிகளை வளர்த்தெடுத்து, 'இன்கார்ஹோ' என்ற பெயரில் ஒட்டுச்செடிகள் விற்கிறார்கள். விலைதான் கொஞ்சம் கூடுதல்.

நடும்போது தொட்டியோடு வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி நிற்கும்வரை வைக்க வேண்டும். காய்ந்த வேர்ப்பந்து மேலே ஊற்றும் நீரை உறிஞ்சாமல் வழியவிடும். வேர்ப்பந்தின் மேற்புறம் தரைமட்டத்துக்குச் சற்று மேலேயே இருக்கட்டும். ஆழமாகப் புதைப்பது பாதுகாப்பு அல்ல, மூச்சடைப்பு. மேலே இலைச்சருகு மூடாக்கு போட்டுவிட்டு, அதன்பின் செடியைச் சுற்றிக் களைக்கொத்தால் கொத்தாமல் இருப்பது நல்லது.

நீலகிரியிலோ கொடைக்கானலிலோ வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்கள் இமயத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆர்போரியத்தின் தென்னாட்டுக் கிளையான காட்டுப்பூவரசு அங்கேயே சோலை ஓரங்களிலும் புல்வெளிகளிலும் தனித்து நிற்கிறது. தடித்த பட்டை புல்தீயைத் தாங்கும். ஜனவரி உறைபனி அதற்குப் பழகியது. இலங்கையின் ஹார்ட்டன் சமவெளியிலும் இதன் இன்னொரு கிளை உண்டு. காட்டிலிருந்து செடியைப் பிடுங்காமல், நர்சரியில் விதைக் கன்றாகக் கேட்டு வாங்க வேண்டும். விதை தூசுபோல் இருக்கும். ஈரப் பாசியின் மேல் தூவி, மண் மூடாமல் விட்டால் முளைக்கும். முதல் ஆண்டில் கன்று ஒரு விரல்கூட உயராது. முதல் பூவுக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம்.