விடுதலையானாலும் விடாத வழக்கு

ஏற்காடு மலையில் வாழவந்தி ஊர் இளைஞர் ஒருவர் மீது அடிதடி வழக்கு என்று வைத்துக்கொள்வோம். வாய்தாவுக்கு வாய்தா மலை இறங்கி, கடைசியில் விடுதலையாகிறார். காவல்துறைப் பதிவிலிருந்தும் அவர் விடுபட்டுவிடுவாரா?

விரல்ரேகை விடுபடலாம். 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணுதல்) சட்டப்படி ரேகை, புகைப்படம், கருவிழிப் பதிவு எல்லாம் 75 ஆண்டுகள் இருப்பில் இருக்கும். முன்தண்டனை இல்லாதவர் விடுதலையாகி, மேல்முறையீடுகளும் முடிந்துவிட்டால் அவற்றை அழிக்க வேண்டும். நீதிமன்றம் காரணம் எழுதி வேறுவிதமாக உத்தரவிட்டால் மட்டும் விலக்கு. ஆனால் அதே ஆண்டு வந்த விதிகள், அழிக்கக் கோரும் மனுவை அரசு நியமிக்கும் அலுவலரிடம் தரச் சொல்கின்றன. விடுதலையானவர் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பெயரின் கதை வேறு. எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்றவற்றுக்கு விலக்கு, தொடர்பு வசதி குறைந்த இடங்களுக்கு 72 மணி நேரம் வரை சலுகை. ஏற்றுவதற்கு இப்படிக் கெடு உண்டு. விடுதலைக்குப் பின் இறக்குவதற்கு அந்த உத்தரவில் கெடு இல்லை.

காவலர் வேலைக்கு மனுப் போட்டால் சிக்கல் இன்னும் இறுகும். சந்தேகத்தின் பலனை அளித்தோ, புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதாலோ விடுவிக்கப்பட்டவரை, குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருத வேண்டும் என்கிறது தமிழ்நாட்டுக் காவல் பணி விதி. அதைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-இல் ஏற்றுக்கொண்டது. ஊர்ப் பெரியவர்கள் சமரசம் பேசி, புகார்தாரர் கூண்டில் ஏறிச் சொல் மாற்றி முடிந்த வழக்குகள் நம்மூரில் கொஞ்சமா?

தீர்ப்பிலிருந்தே பெயரை நீக்கக் கேட்டவரும் உண்டு. கீழமை நீதிமன்றம் தண்டித்த ஒருவரை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014-இல் விடுவித்தது. தீர்ப்பு இணையத்தில் கிடந்ததால் அவர் மீண்டும் நீதிமன்றம் போனார். அதற்குச் சட்டம் இல்லை என்று 2021 ஆகஸ்டில் தனி நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் மறுத்தார். 2024 பிப்ரவரியில் நீதிபதிகள் அனிதா சுமந்த், விஜயகுமார் அமர்வு பெயரை மறைக்கச் சொன்னது. தீர்ப்புகளை இணையத்தில் வெளியிடும் இந்தியன் கானூன் தளம் மேல்முறையீடு செய்ய, ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

அந்தக் கேள்வி எப்படி முடிந்தாலும், வேலை மனுவில் வழக்கை மறைப்பது ஆபத்து. மறைத்ததையே காரணமாக்கி நியமனத்தை ரத்து செய்யலாம் என்று அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-இல் சொல்லியிருக்கிறது. சின்ன வழக்காக இருந்தால் மன்னிக்கவும் அதே தீர்ப்பு இடம் தருகிறது. விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி வைத்து, கேட்கும் இடத்தில் மனுவோடு இணைப்பதே இப்போதைக்குக் கைவசமுள்ள வழி.